அசையாத படம்

அக்டோபர் 3, வெள்ளி

இன்று சோடியம் ஓடியது. பார்த்தேன்.

கணக்குப் பிரிவிலிருந்து வந்த அதிகாரிக்கு நம்பிக்கையே வரவில்லை. எஃகுக் குழாய், அதைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு வெப்பம் காக்கும் கம்பளி, அதற்கு மேல் அலுமினியத் தகடு. இத்தனைக்கும் உள்ளே உருகி ஓடுகிற உலோகம் திரையில் எப்படியம்மா தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமான வித்தையைக் காட்டினேன். சாமி படத்துக்குப் போட்டிருந்த மல்லிகையில் ஒரு கிள்ளு எடுத்து ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடி, பக்கத்து அணு உலையிலிருந்து நியூட்ரான் வருகிற வழியில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். திரையில் ஈயப் பெட்டி கண்ணாடியாகிப் போனது. பூ மட்டும் இதழ் இதழாகக் கறுப்பாய்த் தெரிந்தது. நியூட்ரானுக்கு ஈயமும் இரும்பும் ஒரு பொருட்டில்லை. ஹைட்ரஜன் இருக்கிற எதுவும்தான் அதன் வழியை மறிக்கும்: தண்ணீர், எண்ணெய், பூ, மனித உடம்பு. அதிகாரி தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சோடியத்தில் நியூட்ரானை விழுங்குகிற பொடி கொஞ்சம் கலந்திருக்கிறோம். அந்தப் புள்ளிகள் போகிற போக்கைப் பார்த்தால் ஓட்டம் தெரிந்துவிடும். ஆனால் வெறும் படத்தில் குழாய், கம்பளி, திருகு, தாங்கி என்று எல்லாம் சேர்ந்து குப்பையாக இருக்கும். அதற்குத்தான் என் அசையாத படம். தினமும் காலையில் பம்பை ஓட்டுவதற்கு முன் சோடியம் சும்மா நிற்கும்போது ஒரு படம் எடுத்துக்கொள்வேன். பிறகு நாள் முழுக்க எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் கணினி அதனால் வகுத்துவிடும். அசையாதது எல்லாம் அழிந்துபோகும், அசைவது மட்டும் மிஞ்சும். மற்ற ஆய்வகங்களில் இதை மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். நான் தினமும் எடுக்கிறேன். என் படங்களின் சுத்தம் உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

குழாயும் பம்பும் சற்குணத்தின் பொறுப்பு. வீட்டில் என் கணவர். போன வாரக் கூட்டத்தில், தொடங்கிய நாளின் அசையாத படத்தையும் வைத்துக்கொண்டு வாராவாரம் ஒப்பிட்டால் என்ன என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பழைய படத்தை வைத்து வகுத்தால் கருவியின் நகர்வெல்லாம் உள்ளே வந்து படம் அழுக்காகிவிடும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். "குழாயை நீங்க பாருங்க, படத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அக்டோபர் 6, திங்கள்

மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றித் தள்ளினேன். சற்குணம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். பால் வந்துவிட்டதா, கேஸ் சொல்லியாயிற்றா என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடுகிறது. கூட்டம் நடந்ததிலிருந்து இப்படித்தான். போகட்டும். சத்தமில்லாத வீட்டில் வேலை நன்றாக நடக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. சோடியம் ஓடும் குழாய்ச் சுற்று இருக்கிற கூடத்து வாசலில் காவலர் ஒவ்வொருவரையும் நிறுத்திக் குடையைப் பிடுங்குகிறார். சோடியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால் ஈரக் குடை, ஈரச் செருப்பு, ஈரத் தலை எதுவும் உள்ளே போகக்கூடாது. தலைக்குக் குளித்திருந்ததால் என்னை மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்துவிட்டார். பிரிவுத் தலைவரிடம் ஒருவரும் தலையைத் துவட்டச் சொல்வதில்லை. அவருக்குத் துவட்ட ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

தண்ணீர் ஆகாது என்பதால் பம்பின் சுருள்களைக் குளிரவைக்க எண்ணெய்தான் ஓடுகிறது. எண்ணெய்த் தொட்டியில் மட்டம் இறங்குகிறதாம். இந்த மாதத்தில் இரண்டாவது முறையாக ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். தொட்டியின் வாஷர் பழசு, புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று சற்குணம் கூட்டத்தில் சொன்னார். அதோடு, குழாய் வளைகிற இடத்தில் தகட்டைக் கழற்றிக் கம்பளியை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்குச் சுற்றை இரண்டு நாள் ஆறவைக்க வேண்டும் என்றார். இரண்டு நாள் ஆறவைத்தால் என் வரிசை அறுந்துவிடும். எடுத்த படங்களையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். முடியாது என்றேன். அப்படியானால் தீபாவளி விடுமுறையில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பாருங்கள் என்றேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அவர் கூடத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தார். பலகாரம் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

துணி துவைக்கிற இயந்திரத்தைத் திறந்தால் ஒரே எண்ணெய் நாற்றம். சற்குணத்தின் சட்டைகளைத் தனியாக ஊறவைத்தேன். கைமடிப்பில் மட்டும் பழுப்பாக ஏறியிருக்கிறது. வெந்நீர், சோப்புத்தூள், எலுமிச்சை எதற்கும் போகவில்லை. தொட்டி கூடத்துக்கு வெளியே இருக்கிறது. அதைத் தொட்டால் உள்ளங்கையில்தான் படும், முழங்கை வரை எப்படி ஏறும் என்று தெரியவில்லை. கேட்டிருப்பேன். கேட்டால் பேச்சு வளரும்.

இன்றைய படங்கள் அபாரம். வளைவைத் தாண்டியதும் ஓட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி சுழன்று திரும்புகிறது. இதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆறு படங்களைத் தேர்ந்தெடுத்து, எங்கள் சுற்றை மதிப்பிடப்போகிற கமிட்டிக்கு அனுப்பினேன். கீழே என் கையெழுத்து.

நவம்பர் 5, புதன்

கமிட்டி பதினான்காம் தேதி வருகிறது. அன்று சுற்றின் வெப்பத்தை இருநூறிலிருந்து நானூற்றைம்பது டிகிரிக்கு ஏற்றிக் காட்ட வேண்டும். அது சரியாக நடந்தால் இதைவிடப் பெரிய சுற்று ஒன்று கட்ட அனுமதி கிடைக்கும், சற்குணத்தின் பதினோரு வருட உழைப்பு அது. நடக்காவிட்டால் இதை மூடிவிட்டு அவரை ஏதாவது பராமரிப்புப் பிரிவில் உட்காரவைத்துவிடுவார்கள். அவர் அங்கே செத்துப்போவார். சும்மா சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியும்.

தலைவர் குழந்தைவேலு என் படங்களைப் பெரிதாக அச்சிட்டு நடைவழியில் மாட்டியிருக்கிறார். "இதைவிடச் சுத்தமா ஒரு சுற்று இருக்க முடியாதும்மா" என்றார். சுத்தமாக இருப்பது படமா சுற்றா என்று கேட்க நினைத்தேன். பாராட்டும்போது குறுக்கே பேசக்கூடாது.

நவம்பர் 12, புதன்

கணினியில் இடம் இல்லை. கமிட்டி நாளில் எடுக்கப்போகிற படங்களுக்கு இடம் வேண்டும். அதனால் பழைய அசையாத படங்களை அழிக்க உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு மட்டுமே பயன்படுகிறவை, மறுநாள் குப்பை. முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, தேதியைச் சரிபார்த்து, அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தேன். கை வேகமாகப் போயிற்று. படங்கள் சினிமா மாதிரி ஓடத் தொடங்கின.

வளைவுக்கு அடியில் ஒரு கறுப்பு வளர்ந்தது.

திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன். முதல் படத்தில் இல்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு கட்டைவிரல் அளவு. தீபாவளியின்போது உள்ளங்கை. நேற்றைய படத்தில் முழங்கை நீளத்துக்குக் குழாயின் அடியோடு படர்ந்து கிடக்கிறது. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் வித்தியாசமே தெரியாது. அந்தக் கொஞ்சத்தையும் ஒவ்வொரு காலையிலும் புது அசையாத படம் எடுத்து நானே அழித்துவிட்டிருக்கிறேன்.

பொடி படிந்திருக்கலாம். சோடியம் நிற்கும்போது பொடி அடியில் படியும். பெரும்பாலும் பொடிதான். நாளைக்கு அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். எதையும் அழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சற்குணம் நல்ல மனநிலையில் இருந்தார். சுண்டல் செய்து வைத்திருந்தார். கமிட்டிக்கு எந்தச் சட்டை போடலாம் என்று என்னைக் கேட்டார். ஆறு வாரத்தில் முதல் முறையாக முழுசாக ஒரு கேள்வி. நீலம் என்றேன். அளந்து பார்க்காமல் அரைகுறையாக ஒன்றைச் சொல்லி அவரைக் கலவரப்படுத்துவது விஞ்ஞானம் ஆகாது.

நவம்பர் 13, வியாழன்

அளந்தேன். கறுப்பு குழாய்ச் சுவருக்கு வெளியே இருக்கிறது. பொடி எஃகைத் தாண்டி வெளியே வராது. வெளியே இருப்பது கம்பளி. கம்பளியில் ஹைட்ரஜன் இருக்கும் ஏதோ ஒன்று ஊறியிருக்கிறது. மழைத் தண்ணீராக இருந்தால் இருநூறு டிகிரியில் ஆவியாகிப் போயிருக்கும்.

தலைவர் அறைக்குப் போனேன். கமிட்டிக்கு வாழை இலைச் சாப்பாடா, தட்டா என்று கேன்டீன்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அசையாத படங்களில் ஒரு சின்ன சந்தேகம் இருக்கிறது என்றேன். பொடி படிவதாக இருக்கும், நீங்களே போன வருடக் கட்டுரையில் அப்படித்தானே எழுதியிருந்தீர்கள் என்றார். எழுதியிருந்தேன்தான். சந்தேகத்தைக் கமிட்டி முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம், நாளைக்குப் போய்ச் சுத்தமான படங்கள் மேலே நாமே கேள்வி கேட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்றார். நான் தலையாட்டினேன். ஆக, தலைவருக்குத் தெரிவித்தாயிற்று.

சற்குணத்தைப் பார்க்க முடியவில்லை. கூடத்திலேயே இருந்தார். தவிர, தீபாவளியன்று அவர் தகட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தானே வந்தார்? கம்பளியில் ஏதாவது இருந்திருந்தால் அன்றே கண்ணில் பட்டிருக்கும். இதை நினைத்த பிறகு மனம் லேசாகிவிட்டது.

இரவு அவருக்குப் பிடித்த வற்றல் குழம்பு வைத்தேன். இரண்டு முறை போட்டுக்கொண்டார். நாளைக்கு எல்லாம் சரியாக நடந்தால் டிசம்பரில் திருச்செந்தூர் போய்விட்டு வருவோம் என்றார். சரி என்றேன். நீலச் சட்டையைத் தேய்த்து மாட்டினேன்.

நவம்பர் 14, வெள்ளி

இதை மருத்துவமனை வராந்தாவில் எழுதுகிறேன். நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

நான் போனபோது சுற்று ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருந்தது. கமிட்டி வருவதற்குள் வெப்பம் நிலைக்க வேண்டும் என்று விடியலிலேயே தொடங்கிவிட்டார்கள். முந்நூற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் சற்குணம் நீலச் சட்டையில் நின்றிருந்தார். காற்றில் ஒரு வாசனை. புதுக் கம்பளி சூடானால் இப்படித்தான் நாறும் என்று யாரோ சொன்னார்கள். அது புதுக் கம்பளி இல்லை.

அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். தீபாவளிக்குத் தகட்டைப் பிரித்துப் பார்த்தீர்கள் அல்லவா என்று கேட்டேன்.

"இல்ல மங்கை. வெளியே தொட்டிக்கு அடியில முழங்கை வரைக்கும் கைய விட்டு அந்தக் குழாய மட்டும் பாத்தேன். வளைவப் பிரிக்கணும்னா ஆறப்போடணும், உன் வரிசை போயிரும். உன் படத்துலதான் ஒண்ணுமில்லையே. அதான் விட்டுட்டேன்."

அவர் என் படத்தை நம்பிப் பிரிக்காமல் விட்டிருக்கிறார். அவர் பிரித்திருப்பார் என்று நம்பி நான் நேற்று முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னேன். கறுப்பு, வளைவின் அடி, கம்பளி, எண்ணெய். வார்த்தைகள் எந்த வரிசையில் வந்தன என்று ஞாபகம் இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. எப்போது பார்த்தாய் என்றும் கேட்கவில்லை. "எவ்ளோ நீளம்?" என்றார். முழங்கை அளவு என்றேன். "வடிகால் வால்வு அங்கதான் இருக்கு" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

சூடேற்றியை அணைக்கச் சொன்னார், நியூட்ரானை மூடச் சொன்னார், எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். சூடேற்றியை அணைத்தாலும் குழாய் உடனே ஆறாது. எண்ணெய் ஊறிய கம்பளி பற்றிக்கொண்டால் உள்ளே இருக்கிற அத்தனை சோடியமும் எரியும். கூடமே போய்விடும், அடுத்தது உலை. சோடியத்தைக் கீழே உள்ள தொட்டிக்கு வடித்தாக வேண்டும். அந்த வால்வை உள்ளே போய்க் கையால்தான் திருப்ப முடியும், அதற்கு வளைவின் அடித் தகட்டைக் கழற்ற வேண்டும். யாராவது போகட்டும், நீங்கள் போக வேண்டாம் என்றேன். அங்கே நின்றவர்கள் முன்னால்தான் சொன்னேன். என் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, கையுறையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு போனார். கூடக் கிளம்பிய ஒருவரைக் கதவிலேயே நிறுத்திவிட்டார்.

கண்காணிப்புத் திரையில் பார்த்தேன். தகட்டின் முதல் மூன்று திருகுகள் வரை ஒன்றுமில்லை. நான்காவதைக் கழற்றியதும் தகடு தொங்கியது. உள்ளே கருகிக்கொண்டிருந்த கம்பளிக்கு அதுவரை காற்று கிடைக்கவில்லை. கிடைத்ததும் குப்பென்று பிடித்துக்கொண்டது. அவர் பின்வாங்கவில்லை. அந்தத் தீக்குள் இரண்டு கையையும் விட்டு வால்வைத் திருப்பினார். தொட்டி மட்டம் ஏறுவதை இங்கே ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாதி. முக்கால். நிறைந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கீழே உட்கார்ந்தார்.

தண்ணீர் ஊற்ற முடியாது. உலர்ந்த பொடியை மூட்டை மூட்டையாகக் கொட்டி அவரை வெளியே இழுத்து வந்தார்கள். நேற்று சுற்று இருநூறில் இருந்தது. நேற்று என்றால் அணைத்து ஆறவைத்து, சாவகாசமாகப் பிரித்திருக்கலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். இரண்டு கைகளும் முழங்கைக்கு மேல் வரை கட்டு. முகத்தில் இடது பக்கம். விரல்களைப் பற்றி மருத்துவர் எதுவும் சொல்ல மறுக்கிறார்.

நவம்பர் 21, வெள்ளி

விசாரணைக் குழு. மூன்று பேர், மரியாதையானவர்கள். காபி கொடுத்தார்கள். கறுப்பை முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார்கள். தலைவர் குழந்தைவேலு என் பக்கத்தில் உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினான்காம் தேதி காலை என்றேன்.

பார்த்த உடனே சொன்னீர்களா? உடனே சொன்னேன்.

தலைவர் தலையை ஆட்டினார். அவருக்கு மூச்சு திரும்பியதை என்னால் கேட்க முடிந்தது. மருத்துவமனையில் சற்குணத்திடமும் கேட்டிருக்கிறார்கள். மங்கை வந்து சொன்னதும் உள்ளே போனேன் என்று மட்டும் சொன்னாராம். இரண்டு வாக்குமூலமும் பொருந்திவிட்டன.

டிசம்பர் 2, செவ்வாய்

அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். சுற்றைக் கழற்றுகிறார்கள். பெரிய சுற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் இனி மடங்காது.

சட்டை போட்டுவிடுகிறேன், பல் தேய்த்துவிடுகிறேன், சவரம் செய்துவிடுகிறேன். அவர் எல்லாவற்றுக்கும் ஒத்துழைக்கிறார். நன்றி என்றுகூடச் சொல்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னதே கிடையாது.

டிசம்பர் 11, வியாழன்

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. தவறு வளைவுக்கு மேலே எண்ணெய்க் குழாயில் இருந்த வாஷர்மீது. அபாயத்தைக் கண்டதும் காலம் தாழ்த்தாமல் எச்சரித்த விஞ்ஞானி என்று என்னைப் பற்றி ஒரு பத்தி. தலைவர் அதைத் தொலைபேசியில் முழுசாகப் படித்துக் காட்டினார். ஒலிபெருக்கியில் இருந்ததால் அடுத்த அறையில் சற்குணத்துக்கும் கேட்டிருக்கும்.

மத்தியானம் அவருக்கு ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தவர், விழுங்கிவிட்டுப் பேசினார்.

"கமிட்டிக்கு ரெண்டு நாள் முந்தியே நீ தூங்கல மங்கை. அதுக்கு மறுநாளும் தூங்கல. நானும் முழிச்சுதான் கெடந்தேன்."

சாதம் கையிலேயே இருந்தது.

"ஏன்னு கேக்க மாட்டேன். கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா, அப்புறம் உன் கையால நான் எப்படிச் சாப்பிடுறது?"

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அது பதிலாகிவிடும் என்பதால் அடக்கிக்கொண்டேன். அவர் திரும்பி வாயைத் திறந்தார். ஊட்டினேன்.